ஏழு மணி ஜெபத்தில் சொன்னது

பிளாரன்ஸ் டீச்சர் வீட்டில் முக்கியமான எதையும் யாரும் யாரிடமும் நேராகச் சொன்னதில்லை. ஆண்டவரிடம் சொல்வார்கள். மற்றவர்கள் பக்கத்தில் முழங்காலில் நின்று கேட்டுக்கொள்வார்கள்.

அது அவளுடைய அப்பா தேவபிரசாதம் உபதேசியார் வைத்த வழக்கம். நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்து, திரேஸ்புரத்துக்குப் போகிற வழியில் ஒரு சந்துக்குள் வீடு கட்டிக் குடியேறிய நாளிலிருந்து, சாயங்காலம் ஏழு மணிக்கு முன்னறையில் பாய் விரித்தாக வேண்டும். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், பிறகு ஜெபம். வீட்டில் இளையவர் முதலில் ஜெபிப்பார், மூத்தவர் கடைசியில். மூத்தவர் ஆமென் சொன்னதும் எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்லி எழுந்துவிட வேண்டும். ஜெபத்தில் கேட்டதைப் பற்றி அதற்குப் பிறகு பேசக்கூடாது. ஆண்டவரிடம் கொடுத்த மனுவை மனுஷன் பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்பது உபதேசியாரின் எண்ணம்.

தம்பி ஜெயசிங் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தவறியபோது அந்தச் செய்தி முதலில் ஆண்டவருக்குத்தான் போயிற்று. உபதேசியார் கண்ணை மூடியபடியே கேட்டார். தன் முறை வந்ததும் எங்கோ ஒரு தீவில் புயலில் வீடிழந்தவர்களுக்காக வெகுநேரம் ஜெபித்தார். எழுந்து, பாயைச் சுருட்டும்போது மகனைப் பார்க்காமல், "போயி சாப்பிடுலே" என்றார். அவ்வளவுதான். செப்டம்பரில் அவன் மறுபடி எழுதிப் பாஸானான்.

பிளாரன்ஸுக்கும் அப்படி ஒரு சாயங்காலம் வந்தது. அவளுக்கு அப்போது இருபத்தோரு வயது. அம்மா இறந்து ஆறு மாதம். ஜெயசிங்குக்குப் பத்து வயது. சாத்தான்குளத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது, பையனும் வாத்தியார். அவள் அவனை ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருந்தாள், பிடித்தும் இருந்தது. அன்றைக்கு அப்பா ஜெபத்தில், "தாயில்லாத இந்தப் பிள்ளைக்குத் தாயாக நிற்கும்படி என் மகள் மனப்பூர்வமாய்த் தன்னை ஒப்புக்கொடுத்ததற்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்றார். அவள் அப்படி எதையும் ஒப்புக்கொடுத்திருக்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பாள். ஆமென் என்றாள்.

இதை வைத்து உபதேசியாரைக் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. ஒருவரிடம் நேரே கேட்பதில் ஓர் ஆபத்து உண்டு: அவர் பதில் சொல்லிவிடலாம். அந்த ஆபத்தை எதிர்கொள்ள அவருக்குத் தைரியம் இல்லை. அந்தக் குறை சொத்தைப் போலப் பிள்ளைகள் இருவருக்கும் வந்து சேர்ந்தது. உபதேசியார் அறுபத்தாறாம் வருஷம் இறந்தபோது வீட்டோடு கூட அதையும் விட்டுவிட்டுப் போனார்.

எழுபத்தேழாம் வருஷம் ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் முன்னறையின் மேற்குச் சுவரிலிருந்து சுண்ணாம்புக் காரை ஒரு முழ அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. விழுந்த இடம் அற்புதமணியின் தலையணை.

அற்புதமணி ஜெயசிங்கின் மகள், ஒன்பது வயது. அவள் பிறந்த கையோடு தாய் ஜெபசெல்விக்கு டைபாய்டு வந்து ஏழு மாதம் படுக்கையில் கிடந்தாள். அந்த ஏழு மாதமும் பிள்ளை பிளாரன்ஸின் கையில் இருந்தது. அதற்குப் பிறகும் கையை விட்டு இறங்கவில்லை. படுக்கை அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில். பள்ளிக்கூடத்துக்கு அத்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு. மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு அத்தையிடமே படித்தாள். அங்கே 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்ற கட்டளையை ஒருநாள்கூட மீறியதில்லை. பள்ளிக்கூடத்துக் கேட்டைத் தாண்டி முதல் அடி வைத்ததும் 'அத்தே' என்பாள்.

பிளாரன்ஸ் சுண்ணாம்புக் கட்டியைத் தலையணையிலிருந்து எடுத்து வெளியே போட்டாள். மறுநாள் மாடக்கண்ணு கொத்தனாரை வரச்சொன்னாள்.

மாடக்கண்ணு சுவரை நகத்தால் சுரண்டி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"டீச்சரம்மா, இது வீடு இல்ல. ஊறுகாப் பானை."

"நாப்பது வருஷம் நின்ன வீடுய்யா."

"ஊறுகாயும் நிக்கும்லா."

அந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவும் கடல்கல்லில் கட்டியவை. தீவுகளை ஒட்டி வெட்டி வள்ளத்தில் கொண்டுவந்த கல்; லேசானது, மலிவானது. கட்டுவதற்கு முன்னால் மழையில் போட்டு உப்பை ஓடவிட வேண்டும். உபதேசியாருக்குப் பொறுமை இருக்கவில்லை. அதனால் வருஷா வருஷம் ஐப்பசி பிறந்தால் சுவர் வேர்க்கும், தை மாதத்தில் வெள்ளையாகப் பூக்கும், சித்திரையில் உதிரும்.

"ரெண்டே வழிதான்" என்றார் மாடக்கண்ணு. "மேற்கயும் வடக்கயும் உள்ள சுவரை எறக்கிட்டுச் செங்கல்லு வச்சு எழுப்பணும். இல்லன்னா வேற வீடு பாத்துப் போயிரணும். நடுவால ஒண்ணு சொல்லுன்னா நான் பூசிக் குடுத்துட்டுப் போயிருவேன், அடுத்த மழைக்கு நீங்க என்னை வைவீங்க."

"எறக்கிக் கட்டிருவோம்."

"தம்பிகிட்டக் கேக்கலியா?"

"அவன் என்ன சொல்லப் போறான்."

அவன் என்ன சொல்லப் போகிறான் என்பது அன்று ஏழு மணிக்குத் தெரிந்தது. ஜெயசிங் துறைமுகத்தில் கிளார்க். முப்பத்தாறு வயதுக்கு முன்நெற்றி ஏறிவிட்டிருந்தது. குரல் மட்டும் அப்பாவின் குரல். "பரம தகப்பனே, துறைமுகத்துப் புதிய குவார்ட்டர்ஸிலே ஒரு வீட்டுக்காக அடியேன் போட்டிருக்கிற விண்ணப்பத்தை நினைத்தருளும். உமக்குச் சித்தமானால் அதை ஒழுங்கு பண்ணும்."

போட்டிருக்கிற என்றான். ஆக, போட்டாயிற்று. பிறகு பிளாரன்ஸின் முறை வந்தது. "என் தகப்பன் கட்டின இந்த வீட்டுச் சுவர்களைத் திரும்ப எழுப்பிக் கட்ட நீர் துணைநில்லும். சிமெண்டு பர்மிட் தடையில்லாமல் கிடைக்கும்படி அதிகாரிகளின் இருதயத்தை ஏவிவிடும்."

ஆமென். பரமண்டல ஜெபம். சாப்பாடு.

அப்புறம் மூன்று மாதம் இப்படியே போயிற்று. ஜெபத் தமிழில் ஒரு வசதி, அந்தத் தமிழில் சண்டை போட முடியாது. ஏலே, ஏளா என்று கூப்பிடுகிற வாயெல்லாம் அங்கே அடியேன், அடியாள் என்று பணிந்துவிடும். பணிந்த வாயால் எவ்வளவு கடுமையானதையும் சொல்லலாம். கேட்கிறவர் கோபப்பட இடமில்லை. ஜெபசெல்வி, "மழை நாளிலே பிள்ளைக்கு வருகிற இருமலை நீர் அறிவீர்" என்பாள். ஜெயசிங், "உத்திரத்திலே கரையான் ஏறியிருப்பதை நீர் காண்கிறீர்" என்பான். பிளாரன்ஸ், "வாடகை வீட்டிலும் சர்க்கார் வீட்டிலும் மனுஷன் பரதேசியே" என்று முடிப்பாள். எல்லாருக்கும் முதலில் ஜெபிக்கிற அற்புதமணி ஒருநாள், "அங்கன குழாயைத் தொறந்தா தண்ணி வருமாம் ஆண்டவரே, ஊஞ்சலும் உண்டுமாம்" என்று விட்டாள். ஜெபசெல்வி கண்ணைத் திறக்காமலே அவள் தொடையைக் கிள்ளினாள்.

ஜெபத்துக்கு வெளியே சீலா மீன் விலை, பக்கத்து வீட்டு ஆடு, பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்‌ஷன். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் முகம் கோணியதில்லை. ஒருநாள் காலையில் மட்டும் பிளாரன்ஸ் அடுப்பங்கரையில் நின்று, "ஏளா செல்வி, சட்னிக்குப் புளி போட்டியா?" என்று கேட்டாள்.

"போட்டேன் மயினி."

"நேத்து ஜெபத்துலயே கொஞ்சம் புளிப்பு தட்டுச்சு."

ஜெபசெல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிளாரன்ஸும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. யாரும் அதைத் தள்ளவில்லை.

உள்ளதைச் சொன்னால், வீடு பிளாரன்ஸுக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்தச் சுவரோடு மல்லுக்கட்டியது அவளுக்கே அலுத்துப் போயிருந்தது. அவள் நாற்பத்தேழு வயதில் தெரிந்துகொள்ள விரும்பியது ஒன்றைத்தான். இத்தனை காலம் தம்பி அவள் வீட்டில் இருக்கிறானா, அவள் தம்பி வீட்டில் இருக்கிறாளா என்று கேட்கவேண்டிய தேவை வந்ததில்லை, ஒரே வீடு. இப்போது இரண்டு வீடு என்று ஆகப்போகும்போது அவள் எந்த வீட்டுக்காரி? "நீயும் வாக்கா" என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்திருப்பாள். சுவரைக் கட்டுகிறேன் என்று அவள் சொன்னதெல்லாம் அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து வரவழைக்கத்தான். ஆனால் அவளாகக் கேட்கமாட்டாள். கேட்டால் அவன் ஒரு நொடி தயங்கிவிடலாம். அந்த ஒரு நொடியைப் பார்க்க அவளால் முடியாது.

செப்டம்பர் கடைசியில் வீடு கிடைத்தது. ஜெயசிங் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே முழங்காலில் நின்றான். பை புடைத்திருந்ததை அவள் பார்த்தாள். நன்றி சொன்னான். இரண்டு அறை, ஒரு ஹால், சமையலறையில் குழாய், பின்பக்கம் கொஞ்சம் மண் தரை என்று ஆண்டவருக்கே புதிதாகச் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னான். அக்டோபர் முதல் வாரம் குடிபோக வேண்டும் என்றான். பிளாரன்ஸ் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். அவன் ஆமென் சொல்லிவிட்டான்.

அவள் முறை.

பந்தியில் போதும் என்று இலையின் மேல் கையை நீட்டுகிறவர்கள் உண்டு. பசி தீர்ந்து நீட்டுவதில்லை. பரிமாறுகிறவர் அந்தக் கையை விலக்கி, இன்னும் ஒரு கரண்டி போட வேண்டும், அதுதான் முறை. பிளாரன்ஸ் அன்றைக்கு அப்படித்தான் கையை நீட்டினாள்.

"என் தம்பி குடும்பத்துக்கு ஒரு நல்ல வீட்டைக் கட்டளையிட்டதற்காக ஸ்தோத்திரம். அடியாளோ என் தகப்பனுடைய வீட்டைவிட்டு எங்கும் போகமாட்டேன். இங்கே தனித்துத் தங்கியிருக்க எனக்குப் பெலன் தாரும். ஆமென்."

கடைசியில் ஜெபிக்கிறவருக்குப் பதில் சொல்ல அந்த வீட்டில் வழி இல்லை. பரமண்டல ஜெபம் தொடங்கிவிட்டது. ஜெயசிங்கின் குரல் பாதியில் நின்று, பிறகு வந்து சேர்ந்துகொண்டது. எழுந்ததும் அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். ஜெபசெல்வி தட்டுகளை எடுத்து வைத்தாள். அற்புதமணி மட்டும் அத்தையின் முகத்தையே பார்த்தாள்.

மறுநாள் முழுக்க பிளாரன்ஸ் காத்திருந்தாள். காலையில் காபி குடிக்கும்போது அவன் ஏதாவது சொல்வான் என்று நினைத்தாள். "யக்கா, என்ன பேச்சு பேசுத, ஒழுங்கா வா" என்று ஒரு அதட்டல் போதும். அவன் காபியைக் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தான். பள்ளிக்கூடத்தில் பதினாறாம் வாய்ப்பாட்டைப் பிள்ளைகள் தப்பாகச் சொன்னதை அவள் திருத்தவில்லை. இன்னும் ஏழு மணி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள்.

ஏழு மணிக்கு அற்புதமணி, "அத்தை..." என்று ஆரம்பித்து அழுது ஆமென் சொல்லிவிட்டாள். ஜெபசெல்வி இரண்டே வாக்கியம். பிறகு ஜெயசிங்.

"என் அக்காவின் தீர்மானத்தை நீர் அங்கீகரித்துக்கொள்ளும். தனிமையிலே அவர்களைக் காத்துக்கொள்ளும்."

அவன் குரல் உடைந்தது. நிம்மதியில் உடைகிறது என்று அவள் நினைத்தாள். மனிதர் ஒருவரைப் பற்றி நாம் செய்கிற தவறுகளில் முக்கால்வாசி, நமக்கு மிகவும் பயமானதையே அவர் நினைக்கிறார் என்று முடிவுகட்டுவதுதான். அவள் முறை வந்தது. அப்போதும் நேரம் இருந்தது. நேற்றுச் சொன்னது வீம்பு ஆண்டவரே என்று ஒரு வரி போதும். பரிமாறுகிறவன் அடுத்த இலைக்குப் போனபின் சோறு கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. மழைக்காகவும் சர்க்கார் அதிகாரிகளுக்காகவும் ஜெபித்தாள்.

அக்டோபரில் லாரி வந்தது. கட்டில், பீரோ, தையல் மெஷின், அம்மி எல்லாம் ஏறின. அற்புதமணி அத்தையின் முந்தானையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"அத்தே, நீ எப்ப வருவ?"

"நீதானளா ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வரும்போது இங்கன வருவ."

"நீ வரமாட்டியா?"

"ஏறு, லாரிக்காரன் ஹாரன் அடிக்கான்."

முன்னறையில் அற்புதமணியின் கட்டில் கிடந்த இடம் மட்டும் நாலு கால் தடத்தோடு தெரிந்தது. அவள் அன்றைக்கே அதைக் கழுவிவிட்டாள்.

மழை முடிந்து தை மாதத்தில் மாடக்கண்ணு வேலையைத் தொடங்க வந்தார். "எல்லாரும் போயிட்டாவ. ஒத்த ஆளுக்கு எதுக்கு டீச்சரம்மா இவ்வளவு பெரிய சுவரு? பேசாம ஒரு ரூமைப் பூசிக்கிட்டு இரிங்க."

"சொன்னது சொன்னதுதான். எறக்குங்க."

எதிராளி எழுந்துபோன பின்னும் வழக்கை நடத்துகிறவளைப் போல அவள் அந்த வேலையை நடத்தினாள். கடல்கல்லை இறக்கி, மாப்பிள்ளையூரணிப் பக்கமிருந்து வண்டியில் வந்த செங்கல்லை வைத்து, பர்மிட் சிமெண்டைப் பூசி, நல்ல தண்ணீரில் இருபது நாள் நனைத்தார்கள். பங்குனியில் முடிந்தது. நேரான, காய்ந்த, உப்பில்லாத சுவர். நல்ல சுவர். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஏழு மணிக்கு அவள் தனியாகப் பாய் விரித்தாள். இளையவளும் அவள்தான், மூத்தவளும் அவள்தான். முதல் நாள் பாட்டுப் பாடி, அதிகாரம் வாசித்து, முழங்காலில் நின்றபோது வாயில் சொல் எழவில்லை. ஆண்டவரிடம் சொல்ல அவளிடம் என்ன இருந்தது? அவருக்கு எல்லாம் தெரியும். நாற்பது வருஷமாக அவள் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாள் என்ற சந்தேகம் அன்றைக்குத்தான் முதல்முதலாக வந்தது. அந்தச் சந்தேகத்துக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வந்தார்கள். கோயில் முடிந்து, கறிச்சோறு சாப்பிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்குப் போவார்கள். "ஒரு நாள் வந்துட்டுப் போங்க மயினி" என்பாள் ஜெபசெல்வி. "பாக்கலாம்" என்பாள் பிளாரன்ஸ். வந்துவிட்டுப் போகச் சொல்லும் அழைப்பு அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அதுவரை பஸ்ஸில் மிஷன் பள்ளிக்கு வந்துபோன அற்புதமணியை ஜூனில் அங்கேயே பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அதற்கப்புறம் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஆயிற்று.

எழுபத்தெட்டு செப்டம்பரில் அற்புதமணிக்குப் பதினோராவது பிறந்தநாள். "அத்தே, நீ வரலன்னா நான் கேக்கை வெட்டமாட்டேன்" என்று பிள்ளை சொல்லிவிட்டதால் பிளாரன்ஸ் ஒரு பெட்டி மக்ரூன் வாங்கிக்கொண்டு, துறைமுக பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் உப்பளம். வெயிலில் கண் கூசியது.

வரிசை வீடுகள், எல்லாம் ஒரே மஞ்சள். ஜெபசெல்வி வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே அவள் தங்கை இன்பமணி தோரணம் கட்டிக்கொண்டிருந்தாள். இருபத்துநாலு வயசு, ஜூனில் குவார்ட்டர்ஸை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து நாசரேத்திலிருந்து வந்திருந்தாள். "சித்தி, அந்தப் பக்கம் தாழ்ந்து கெடக்கு" என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த அற்புதமணி, அத்தையைக் கண்டதும் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தலை இப்போது மார்புவரை வந்தது.

ஜெபசெல்வி வீட்டைச் சுற்றிக் காட்டினாள். குழாயைத் திறந்து மூடிக் காட்டினாள். பின்னறையில் இரண்டு கட்டில். ஒன்று இன்பமணிக்கு, ஒன்று பிள்ளைக்கு. கிழக்குப் பார்த்த ஜன்னலில் கடல்காற்று திரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"நல்ல காத்து" என்றாள் பிளாரன்ஸ்.

"அதனாலதான் மயினி உங்களுக்குன்னு இந்த ரூமை வச்சாவ."

பிளாரன்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"அவுகதான். எட்டு மாசம் சும்மா கெடந்துச்சு. ஒரு அரிசி மூட்டைய வைக்க விடல. 'அக்கா ஒரு கோவத்துல சொல்லிருக்கும், வந்துரும்'னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. இன்பமணி வேலைக்கு வந்து ஒரு வாரம் ஹால்லதான் படுத்தா. அப்பறம் அவுகளே ஒருநாள் கட்டில எடுத்து உள்ள போட்டாவ. அன்னைக்குச் சாப்பிடல."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

"நீங்க ஆண்டவர்கிட்டச் சொல்லிட்டீங்களே மயினி. அதுக்கு மேல நாங்க எப்படிக் கேக்க?" ஜெபசெல்வி கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். "விண்ணப்பத்துல குடும்பத்துல எத்தன பேருன்னு கேட்ட எடத்துல உங்களையும் சேத்து நாலுன்னுதான் போட்டாவ. நீங்க வராம இருப்பீங்கன்னு யாரு நெனச்சா? அதைச் சொல்லவேற செய்யணுமான்னு இருந்துட்டாவ."

ஐந்து மணிக்குக் கேக் வெட்டுவதற்கு முன் ஸ்தோத்திர ஜெபம். பாய் விரித்தார்கள். அற்புதமணி, இன்பமணி, ஜெபசெல்வி, ஜெயசிங். கடைசியில் பிளாரன்ஸ். இன்பமணி புதிதாக வந்தவளின் கூச்சத்தோடு ஒரு ஓரமாக முழங்காலில் நின்றாள். அவள் பாதம் பாய்க்கு வெளியே இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போனால் அவளுக்கு வேலை இல்லை. தனியாக வீடெடுத்து ஒரு பெண் தங்க அங்கே வழி இல்லை. இப்போது பிளாரன்ஸ் வாயைத் திறந்து ஒரு வரி சொன்னால் போதும், அந்த அறை பிளாரன்ஸுக்கே வந்துவிடும். ஆண்டவர்கிட்டச் சொன்னதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

அவள் அற்புதமணியின் படிப்புக்காக ஜெபித்தாள். இன்பமணியின் வேலை நிலைக்க வேண்டும் என்று ஜெபித்தாள். ஆமென் என்றாள்.

ஜெயசிங் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம்வரை கூட வந்தான். வெயில் இறங்கியிருந்தது.

"சுவரெல்லாம் நல்லா வந்திருக்காமே. மாடக்கண்ணு சொன்னாரு."

"நூறு வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்காரு."

"நூறு வருஷம் யாரு இருக்கா."

"சுவரு இருக்கும்லா."

அவன் சிரிக்கவில்லை. பையைக் கை மாற்றிக்கொண்டான்.

"யக்கா."

"என்னலே."

"அன்னைக்கு ஜெபத்துல சொன்னியே. நெசமா அப்படித்தான் நெனச்சியா?"

அவள் நின்றுவிட்டாள். பிறந்ததிலிருந்து அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவர் அவளிடம் நேரே கேட்ட முதல் கேள்வி அது. கண்ணைத் திறந்துகொண்டு, முகத்தைப் பார்த்துக் கேட்டான். அவனுக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது, உதடு உலர்ந்திருந்தது. ஒரு வருஷம் முன்னால் கேட்டிருந்தால் அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். இப்போது உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்தாள். இன்பமணியின் கட்டில் மறுபடி ஹாலுக்கு வரும். அல்லது வராது, அப்போது எட்டு மாதம் காலியாக வைத்திருந்த அறையை அவன் ஆயுள் முழுக்கச் சுமந்துகொண்டு திரிவான். தெரியாமல் போனதைத் தாங்குவது ஒரு மாதிரி. கேட்காமல் விட்டதால் போயிற்று என்று தெரிந்து தாங்குவது வேறு. அந்த இரண்டாவது அவளுக்கு வந்துவிட்டது. இரண்டு பேருக்கு எதற்கு?

"ஆண்டவர்கிட்ட யாராவது பொய் சொல்லுவாவளாலே?" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். தோள் கொஞ்சம் இறங்கியது. ஒரு வருஷமாக அவனைப் பிடித்திருந்த ஏதோ ஒன்று விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அதைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷம் வரவில்லை. இவ்வளவு சுலபமாக நம்பிவிட்டானே என்றுதான் இருந்தது.

பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் கீழே, ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் நின்று பையை நீட்டினான். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். டிரைவர் இன்னும் ஏறவில்லை. டீக்கடைப் பக்கம் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். வேண்டிய நேரம் இருந்தது. ஜெயசிங் நகராமல் நின்றான். அவள் சொல்வதற்காக நிற்கிறான் என்பதுபோலவும் இருந்தது, பஸ் போகட்டும் என்று நிற்கிறான் என்பதுபோலவும் இருந்தது.

"ஏலே."

"சொல்லுக்கா."

"மழை வரப் போவுது. பிள்ளைக்கு ஒரு குடை வாங்கிக் குடு."

"சரிக்கா" என்றான்.

அடுத்த வாரம், குடை வாங்கிவிட்டதாகச் சொல்லி அனுப்பினான்.